காரத் தொட்டியில் அடிவரிசை மட்டும் எரிந்த ஹீட்டர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தகட்டுப் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் (பொடி வண்ணத்தை ஏற்றிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) செய்யும் ஒரு தொழிற்கூடம். பவுடர் ஏற்றுவதற்கு முன் பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். அதற்காகச் சூடான காரக் கரைசலில் அவற்றை முக்கி எடுப்பார்கள். தொட்டியின் கொள்ளளவு 3000 லிட்டர், வேலை நடக்கும் வெப்பநிலை 60 டிகிரி. பக்கச் சுவரில் இரண்டு பிளாஞ்ச் (போல்ட் போட்டுப் பொருத்தும் வளையத் தகடு). அவற்றின் வழியே, கரைசலில் மூழ்கியிருக்கும் இரண்டு இம்மர்ஷன் ஹீட்டர் தொகுதிகள் படுக்கைவாக்கில் உள்ளே நீள்கின்றன. ஒவ்வொன்றும் 18 கிலோவாட். ஒரு தொகுதியில் யு வடிவக் குழாய்கள் மூன்று, ஒன்றின் கீழ் ஒன்றாக. குழாய்க்கு 6 கிலோவாட், 415 வோல்ட், டெல்டா இணைப்பு, அதாவது மூன்று ஃபேஸ் லைன்களில் எந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய்.

குழாயின் உள்ளமைப்பு தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு பொடி, வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை. பொடி மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தை விடும். கம்பியில் பிறக்கும் வெப்பம் உறை வழியாகக் கரைசலுக்குப் போய்க்கொண்டே இருந்தால் சிக்கல் இல்லை. அந்த வழி அடைபட்டால் கம்பி வாங்கும் வாட் குறையாது. கம்பியின் வெப்பநிலைதான் ஏறும்.

ஓராண்டுக்குள் இந்தத் தொட்டியில் ஐந்து தொகுதிகள் மாற்றப்பட்டிருந்தன. அதற்கு முன்பு ஒரு ஜோடி பல ஆண்டுகள் ஓடியது என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். ஆனாலும் ‘ஹீட்டர் என்றால் எரியத்தான் செய்யும்’ என்ற நினைப்பில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது போனது ஷிப்டின் நடுவில். உறை வெடித்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்து, கொக்கிகளில் பாகங்கள் தொங்கியபடியே லைன் நின்றது. அதற்குப் பிறகுதான் காரணத்தைத் தேடும் வேலை பராமரிப்புப் பிரிவுக்கும், வெளியிலிருந்து போன எனக்கும் வந்தது.

பேனல் சொன்னதும் நோட்டுப் புத்தகம் சொன்னதும்

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் கடந்த சில மாதங்களாக ஒரே புகாரைச் சொல்லி வந்திருந்தார்: “மீட்டர்ல 25 ஆம்பியர் காட்டுது சார், ஆனா தொட்டி சூடாக மாட்டேங்குது.” பேனலைப் பார்த்த எலக்ட்ரீஷியனுக்கும் 25 ஆம்பியர்தான் தெரிந்தது. 18 கிலோவாட் தொகுதிக்கு லைனில் 25 ஆம்பியர் என்பது சரியான கணக்கு. ஆக, ஹீட்டர் நன்றாக இருக்கிறது, குளிர்ந்த பாகங்களை அதிகம் முக்குகிறார்கள் என்று பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பேனலில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் ஆம்மீட்டர். அது, ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் லைன்களில் ஆர் ஃபேஸில் மட்டும். டெல்டாவில் மூன்று குழாய்களும் நன்றாக இருந்தால் மூன்று லைனிலும் 25 ஆம்பியர் ஓடும். ஒய்க்கும் பிக்கும் நடுவில் இருக்கும் குழாய் அறுந்துவிட்டால் ஒய்யிலும் பியிலும் மட்டும் 14.5 ஆகக் குறையும். ஆர் லைன் மற்ற இரண்டு குழாய்களுக்கும் பொதுவானது, அதனால் அதில் 25 அப்படியே நிற்கும். இந்தக் கூடத்தில் டெர்மினல் லிங்க் (குழாய் முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டை) போடும் முறை எப்போதும் ஒன்றுதான். அதன்படி அடிவரிசைக் குழாய் வந்து விழுவது ஒய்-பி இடத்தில். அந்த ஒரு குழாய் போவதை மட்டும் காட்டாத இடத்தில் மீட்டர் உட்கார்ந்திருந்தது.

ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மூன்று லைனிலும் போட்டதும் இது நிமிடத்தில் தெரிந்தது. இரண்டாவது தொகுதியில் 25, 14.5, 14.5. அதாவது, ஓடிக்கொண்டிருப்பதாக எல்லோரும் நம்பிய தொகுதியும் ஒரு குழாயை இழந்துதான் ஓடிக்கொண்டிருந்தது.

மல்டிமீட்டர் வைத்து முன்பே சோதித்ததாக எலக்ட்ரீஷியன் சொன்னார். சோதித்திருக்கிறார், லிங்குகளைக் கழற்றாமல். 6 கிலோவாட் குழாயின் மின்தடை சுமார் 28.7 ஓம். லிங்க் இருக்கும்போது நல்ல தொகுதியில் எந்த இரண்டு முனைகளுக்கு நடுவிலும் 19 ஓம் வரும். ஒரு குழாய் அறுந்தால் அதன் முனைகளில் 57, மற்ற இரண்டிலும் 28.7. எங்குமே ‘ஓப்பன்’ என்று காட்டாது, ஏனென்றால் மீட்டர் மற்ற இரண்டு குழாய்கள் வழியே சுற்றிக்கொண்டு வரும். எவ்வளவு வர வேண்டும் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அளந்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும்.

ஆபரேட்டரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. காலையில் எப்போது ஹீட்டர் போட்டார், எப்போது 60 வந்தது என்று தன் வசதிக்காக எழுதி வைத்திருந்தார். 3000 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர சுமார் 105 யூனிட் மின்சாரம் தேவை. 36 கிலோவாட்டில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெப்ப இழப்பைச் சேர்த்தால் மூன்றேகால் என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டில் பழைய பக்கங்களில் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு நாளில் திடீரென்று நான்கு மணிக்கு அருகில் போய், சில வாரங்கள் அங்கேயே நின்று, மறுபடி ஐந்தை நெருங்கியிருந்தது. குழாய் ஒவ்வொன்றாக அறுந்த நாட்கள் அவை. அந்தப் புத்தகத்தை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

முதல் சந்தேகம்: ஃப்ளோட் ஸ்விட்ச்

பேனலைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கரைசல் மட்டம் குறைந்தால் ஹீட்டரை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயர் இணைத்திருந்தது. கசடு பிடித்து மிதவை சிக்கிக்கொண்ட ஒரு காலையில் லைனை ஓட்டுவதற்காக யாரோ போட்ட ஜம்பர். அப்புறம் எடுக்கவே இல்லை.

கூட்டத்தில் எல்லோரும் அதையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள். மட்டம் குறைந்து, குழாய் காற்றில் எரிந்து, வெடித்துவிட்டது என்று கதை அழகாகப் பொருந்தியது. ஜம்பரை அன்றே எடுக்க வைத்தோம். மிதவையைக் கழற்றிச் சுத்தம் செய்து, கையால் அழுத்தி, ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்சான கான்டாக்டர் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி மின்சாரம் கொடுத்தோம். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் ஹீட்டர்கள் எரிந்ததற்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி.

மட்டம் குறைந்தால் முதலில் வெளியே தெரிவது மேல்வரிசைக் குழாய். எரிய வேண்டியதும் அதுதான். கூடத்தின் பின்புறம் பழைய இரும்புக் குவியலில் கழற்றிய தொகுதிகளில் நான்கு கிடைத்தன. நான்கிலும் மேல்வரிசைக் குழாய் நன்றாக இருந்தது. நான்கிலும் அடிவரிசை போயிருந்தது. ஒன்றில் நடுவரிசையும் சேர்ந்து. ஃப்ளோட் ஸ்விட்சைக் குற்றவாளியாக்கி விசாரணையை முடித்திருந்தால் அடுத்த ஹீட்டரும் அதே இடத்தில்தான் எரிந்திருக்கும்.

அறுத்துப் பார்த்ததில் கிடைத்தது

எரிந்த ஒரு குழாயைப் பழுதான இடத்துக்கு இருபுறமும் கையளவு விட்டு அறுத்தோம். வெளியே சாம்பல் கலந்த வெண்மையான படிவு, சில இடங்களில் 2 மில்லிமீட்டருக்கும் மேல். அடிப்பக்கத்தில் அது கசடோடு சேர்ந்து கட்டியாகியிருந்தது. கட்டியைத் தட்டி எடுத்தால் உறை நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, லேசாக உப்பியிருந்தது. உள்ளே, வெள்ளையாக இருக்க வேண்டிய பொடி கறுத்து, கம்பி உருகி ஒரு சிறு மணியாக உறைந்திருந்தது. நிக்ரோம் உருக ஏறக்குறைய 1400 டிகிரி வேண்டும். வெளியே 60 டிகிரி கரைசல்; சில மில்லிமீட்டர் உள்ளே 1400.

தொட்டியை வடித்தபோது அடிக்கசடு கீழ்வரிசைக் குழாய்களை மூடி நின்றது. குழாய் தொட்டித் தரையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. உற்பத்தி கூடிய பிறகும் கசடு அள்ளும் இடைவெளியை யாரும் குறைக்கவில்லை.

கசடு என்றதும் மறுபடி ஒரு விடை கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் கசடு பழைய காலத்திலும் இருந்தது. அப்போது ஹீட்டர்கள் பிழைத்தன. வேறுபாடு எங்கே என்று தேடியபோது தொட்டியோடு முதலில் வந்த வரைபடம் ஒரு கோப்பில் கிடைத்தது. அதில் ஒரு தொகுதிக்கு மூன்று யு குழாய்கள் அல்ல, ஆறு. ஒவ்வொன்றும் 3 கிலோவாட். ஃபேஸுக்கு இரண்டு இணையாக. மொத்தம் அதே 18 கிலோவாட், அதே பிளாஞ்ச், அதே நீளம். பிறகு எப்போதோ வாங்கும் பிரிவு ‘18 கிலோவாட், 415 வோல்ட், இந்த அளவு பிளாஞ்ச்’ என்று மட்டும் எழுதிக் கேட்டிருக்கிறது. அதற்குப் பொருந்தும்படி மூன்று குழாய்த் தொகுதி வந்திருக்கிறது. கேட்டதைத்தான் கொடுத்தார்கள், விற்றவர் மேல் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

குழாயின் வெளிவிட்டம் 11 மில்லிமீட்டர், சூடாகும் நீளம் 1.8 மீட்டர். மேற்பரப்பு சுமார் 620 சதுர சென்டிமீட்டர். 3 கிலோவாட் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 4.8 வாட், 6 கிலோவாட் என்றால் 9.6. இதுதான் பரப்புச் சுமை. சுத்தமான, ஓடும் தண்ணீரில் 9.6 வாட்டை ஏற்கலாம். படிவும் கசடும் உள்ள காரக் கரைசலுக்கு அதில் பாதியளவில் நிற்பதுதான் வழக்கம்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். படிவின் வெப்பக் கடத்துதிறனை மீட்டருக்கும் டிகிரிக்கும் 1 வாட் என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் படிவின் வழியாக 9.6 வாட் வெளியேற வேண்டுமானால் உறையின் வெப்பநிலை கரைசலைவிட 190 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 4.8 வாட்டுக்கு 95 டிகிரி போதும். கசடு சூழ்ந்து கரைசல் அசையாமல் நிற்கும் இடத்தில் இந்தத் தடை இன்னும் பல மடங்கு. அதோடு, சுண்ணாம்புப் படிவான கால்சியம் கார்பனேட் பெரும்பாலான உப்புகளைப் போல அல்ல. சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். எனவே எந்தப் பரப்பு அதிகம் சூடாக இருக்கிறதோ அங்கேதான் அது போய்ப் படியும். படிந்ததால் சூடு, சூட்டால் மேலும் படிவு என்று சுழற்சி தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும்.

எடுத்த முடிவுகள்

நிரந்தர முடிவு எளிதானது: பழைய வரைபடப்படி ஆறு குழாய்த் தொகுதிகள் இரண்டுக்கு ஆர்டர். செய்து வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை லைன் நிற்க முடியாது. சிரமமான பகுதி அந்த இடைக்காலம்தான்.

எலக்ட்ரீஷியன் ஒரு நல்ல யோசனை சொன்னார். டெல்டாவை ஸ்டாராக (மூன்று குழாய்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பு) மாற்றினால் குழாய்க்கு 415க்குப் பதில் 240 வோல்ட்தான் கிடைக்கும், வாட் மூன்றில் ஒரு பங்காகும், பரப்புச் சுமை 3.2க்கு இறங்கிவிடும். ஆனால் இரண்டையும் அப்படி மாற்றினால் மொத்தம் 12 கிலோவாட்தான். சூடேற்றவே கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். பகலில் மூடியைத் திறந்து குளிர்ந்த பாகங்களை முக்க ஆரம்பித்தால் 60ஐப் பிடித்து நிறுத்தவும் முடியாது. எனவே ஒரு தொகுதி ஸ்டாரில், ஒன்று டெல்டாவில் என்று சமரசம் செய்தோம்: 24 கிலோவாட். பணியில் இல்லாத நேரமெல்லாம் மூடி போட்டே வைப்பது, ஷிப்டுக்கு முன் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஹீட்டர் போடுவது என்று ஏற்பாடு. ஸ்டாரில் போட்டது, குவியலில் கிடைத்தவற்றில் மூன்று நல்ல குழாய்களைத் தேர்ந்து பிளாஞ்சில் சேர்த்த தொகுதி. டெல்டாவுக்கு ஸ்டோரில் இருந்த புதிய உதிரி.

குவியலிலிருந்து எடுத்த குழாய்களின் படிவை உளியால் தட்டி எடுப்பதுதான் அங்கே வழக்கம். உறையில் விழும் ஒவ்வொரு பள்ளமும் உள்ளே கம்பியை உறைக்கு நெருக்கமாகத் தள்ளும் என்பதால் அதை நிறுத்தினோம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டாம் என்று முடிவு. குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி விழ வைக்கும். வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில், டெர்மினல் பக்கம் நனையாதபடி, ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்தோம். சுண்ணாம்புப் படிவு கரைந்தது. சிலிகேட் கலந்த ஒரு மெல்லிய தோல் போகவில்லை, அதோடேயே போட்டோம்.

ஸ்டோரிலிருந்து வந்த சிக்கல்

உதிரித் தொகுதிகள் இரண்டு, மூன்று குழாய் வகை, ஓராண்டுக்கு மேல் ஸ்டோரில் பிரித்த அட்டைப்பெட்டியில் கிடந்தன. புதியவைதானே என்று நேராகப் பொருத்தத் தயாரானார்கள். லிங்குகளைக் கழற்றி, கம்பிக்கும் உறைக்கும் நடுவில் உள்ள காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்தபோது ஆறு குழாய்களில் ஒன்றுகூட 1 மெகா ஓம் தாண்டவில்லை, ஒன்று 0.04ல் நின்றது.

மக்னீசியம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டெர்மினல் முனையின் சீல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும் ஈரம்தான் இந்தக் குறைவுக்குக் காரணம். காலையில் ஹீட்டர் போடும்போது எப்போதாவது எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழும், தூக்கிவிட்டால் நிற்கும் என்று இங்கே பழகிப்போயிருந்தார்கள். அதற்கும் பாதி விளக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி, டெர்மினல் பெட்டி மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது.

“ஓடவிட்டா தானா காஞ்சிடும் சார்” என்று ஒருவர் சொன்னார். பல நேரம் அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் முழு வோல்டேஜ் கொடுக்கும்போது சூடான பகுதியிலிருந்து ஈரம் ஆவியாகி முனைப் பக்கம் தள்ளப்படும். அங்கே சீலுக்கு அடியில் கசிவு கூடி, பொறி பாய்ந்து முனையே எரிய வாய்ப்பு உண்டு. பாகங்களைக் கையால் தொட்டு முக்கும் தொட்டியில் அந்தச் சோதனை வேண்டாம் என்று மறுத்தோம்.

பவுடர் கோட்டிங் கூடம் என்பதால் பெரிய அவன் அடுப்பு கையருகே இருந்தது. சீல் சிலிகோன் வகைதான், எபாக்சி அல்ல என்று உறுதி செய்துகொண்டு, ஷிப்ட் முடிந்ததும் 120 டிகிரியில் இரவு முழுக்க வைத்தோம். எபாக்சியாக இருந்திருந்தால் இந்த வெப்பநிலைக்குத் துணிந்திருக்க மாட்டோம். காலையில் ஆறிய பிறகு ஐந்து குழாய்கள் 200 மெகா ஓமுக்கு மேல். ஒன்று மட்டும் 1ஐத் தாண்டவே இல்லை; வெளிச்சத்தில் பார்த்தால் அதன் சீலில் மயிரிழை விரிசல். அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டு மற்றதைப் போட்டோம்.

மெகர் வைப்பதற்கு முன் டெம்பரேச்சர் கன்ட்ரோலரையும் ஹீட்டர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் இணைப்புகளையும் கழற்றிவிட வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 500 வோல்ட் அவற்றைச் சாகடித்துவிடும்.

பொருத்தும்போது டெர்மினல் நட்டை ஒரே ஸ்பேனரால் முறுக்கும் பழக்கத்தையும் மாற்றினோம். அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மட்டும் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முனைக் கம்பியே சுழன்று உள்ளே சீல் விட்டுப்போகும். விரிசல் கண்ட அந்த சீலுக்கு இதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

பிறகு நடந்தது

இடைக்கால ஏற்பாடு தாக்குப் பிடித்தது. ஆறு குழாய்த் தொகுதிகள் வந்து பழையவற்றைக் கழற்றியபோது, கேட்காமலே ஒரு நேரடி ஒப்பீடு கிடைத்தது. ஒரே தொட்டி, ஒரே கரைசல், ஒரே சில வாரங்கள். டெல்டாவில் ஓடிய புதிய தொகுதியில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வெண்படிவு. ஸ்டாரில் ஓடிய பழைய குழாய்களில் நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்குக்கூட இல்லை. பரப்புச் சுமை பற்றி அதுவரை அரைமனதாகக் கேட்டுக்கொண்டிருந்த உற்பத்தி மேலாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு வேறு விளக்கம் கேட்கவில்லை.

புதிய தொகுதிகள் ஆறு மாதம் ஓடிய நிலையில் பன்னிரண்டு குழாய்களும் உயிரோடு இருக்கின்றன. மின்தடை பொருத்தியபோது எழுதி வைத்த எண்ணிலேயே நிற்கிறது. சூடேறும் நேரம் மூன்றேகால் மணிக்குத் திரும்பியது. இடையில் ஒரு டெர்மினலில் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) தளர்ந்து, காப்பு கருகத் தொடங்கியிருந்தது. மாதாந்திரப் பார்வையில் நிறம் மாறியிருப்பதைக் கண்டு லக்கையும் நட்டையும் மாற்றினார்கள்.

கசடு விஷயத்தில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை. அள்ளும் இடைவெளியைப் பாதியாக்கினோம். ஆர்டர் நெருக்கடி வந்த ஒரு மாதத்தில் அது தவறியது, கசடு மறுபடி குழாயைத் தொட்டது. 4.8 வாட் என்பதால் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாற்றியவை, மாற்றாதவை

வாங்கும் பிரிவின் படிவத்தில் கிலோவாட்டுக்கும் வோல்டுக்கும் பக்கத்தில் இப்போது குழாய் எண்ணிக்கை, விட்டம், சூடாகும் நீளம், உறை உலோகம், அதிகபட்சப் பரப்புச் சுமை ஆகியவையும் இருக்கின்றன. பேனலில் மூன்று ஃபேஸையும் காட்டும் செலக்டர் ஸ்விட்ச் போட்டாயிற்று. ஆபரேட்டரின் நோட்டுப் புத்தகம் அதிகாரப்பூர்வப் பதிவேடாகி, சூடேறும் நேரம் அரை மணி கூடினாலே கிளாம்ப் மீட்டர் போட வேண்டும் என்று விதி வந்தது. உதிரி ஹீட்டர்கள் சிலிக்கா ஜெல்லோடு ஒட்டிய பையில். பொருத்துவதற்கு முன் 5 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அவன் அடுப்புக்குப் போக வேண்டும். இந்த 5 என்பது இந்தக் கூடம் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை, எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டம் அல்ல.

மறுபடி செய்வதானால் இரண்டை வேறு மாதிரி செய்வேன். குவியலில் கிடந்த தொகுதிகள் எந்தத் தேதியில், எந்த பிளாஞ்சிலிருந்து வந்தவை என்று தெரியவில்லை. கழற்றும் நாளிலேயே ஒரு தகட்டுச் சீட்டு கட்டியிருந்தால் முதலிரண்டு ஹீட்டர்களிலேயே அடிவரிசை விவகாரம் தெரிந்திருக்கும். அடுத்து, புதிய தொகுதிகளைத் தருவிக்கும்போதே பிளாஞ்சை இன்னும் 100 மில்லிமீட்டர் மேலே ஏற்றும் வேலையையும் சேர்த்திருப்பேன். தொட்டி எப்படியும் வடித்திருந்த நேரம் அது. வெல்டிங்குக்கு இன்னொரு நாள் நிறுத்த யாரும் அப்போது சம்மதிக்கவில்லை.

அடுத்துள்ள சுடுநீர்த் தொட்டியில் இன்னும் மூன்று குழாய் வகைதான் ஓடுகிறது. அங்கே கசடு கிடையாது, தண்ணீர் அடிக்கடி மாறுகிறது என்பதால் 9.6 வாட்டை அப்படியே விட்டிருக்கிறோம். தண்ணீரின் கடினத்தன்மை கூடினால் அந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும். அதற்காக அங்கும் சூடேறும் நேரத்தை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.